ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவும் ஷேக்கர் மூடி: தொடக்கநிலையினருக்கான வடிவமைப்புச் செய்முறை

ஷேக்கர் பாட்டில் (பொடியை நீரில் குலுக்கிக் கரைக்கும் பாட்டில்) வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இரண்டு புகார்கள் வரும். ஒன்று, பை நனைகிறது. மற்றொன்று, மூடி நாறுகிறது. முதலாவதற்குத் தடித்த வாஷரையும் இரண்டாவதற்குச் சோடா உப்பையும் வெந்நீரையும் பரிந்துரைப்பது வழக்கம். மூடியில் உள்ள வாஷரை நெம்பி எடுத்துப் பாருங்கள்; இரண்டு புகாருக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. வாஷர் உட்காரும் குறுகிய பள்ளத்தில் மாவுப் பால் புகுந்து காய்கிறது. காய்ந்த துகள்கள் வாஷரைத் தூக்குகின்றன. அந்தச் சந்தில் நீர் கசிகிறது, தங்கியது புளிக்கிறது. கழுவ முடியாத மூடி, வாங்கிய அன்று எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், நாளடைவில் ஒழுகத்தான் செய்யும்.

அதனால் இந்தச் செய்முறையில் மூடியைக் கழுவும் இடத்திலிருந்து வரையத் தொடங்கப் போகிறோம். வடசென்னையில் பல வீடுகளில் கழுவும் இடம் என்பது அடிபம்பின் அடியில் இருக்கும் கல், அல்லது லாரித் தண்ணீர் பிடித்துவைத்த குடத்தின் பக்கம். வெந்நீர் கொட்டும் குழாய் கிடையாது. பள்ளத்துக்குள் நுழையும் மெல்லிய பிரஷ்ஷை எவரும் வாங்கி வைப்பதில்லை. எனவே நம் விதி இது: ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு விரல், கொஞ்சம் சோப்பு. இவற்றால் சுத்தமாகாத எந்த மூலையும் மூடியில் இருக்கக் கூடாது.

உள்ளே போகும் பண்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் மூடிகள் பெரும்பாலும் தண்ணீரில் எளிதாகக் கரையும் புரதப் பொடிக்காகச் செய்யப்பட்டவை. வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் காலையில் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகிறவர்களின் பாட்டிலில் புரதப் பொடி இருக்கலாம். சத்துமாவுக் கஞ்சியும் இருக்கலாம். வேலைக்குப் போகிறவர் அதே பாட்டிலில் கேழ்வரகுக் கூழைக் கரைத்து எடுத்துப் போகிறார். கோடையில் மோர், அதில் மிதக்கும் கறிவேப்பிலை. இவை எல்லாம் தடையில்லாமல் வெளியே வரும் மூடிதான் நமக்கு வேண்டும்.

தேவையான பொருள்கள்

வெர்னியர் காலிப்பர், தாள், பென்சில், ஏதாவது ஒரு வரைபட மென்பொருள், மாதிரியை அச்சிட ஒரு 3டி பிரிண்டர். உருளை, வளையம் போன்ற எளிய உருவங்களை அடுக்கிப் பழக டிங்கர்கேட் போதும். அது இலவசம், உலாவியிலேயே ஓடும். மரை (மூடியைத் திருகும் சுருள் வரி) வரைவதற்கு ஃப்ரீகேட் வசதியானது, அதுவும் இலவசம். இவற்றோடு 2 மி.மீ. தடிமனுள்ள சிலிகான் தாள் ஒரு துண்டு. பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களில் ரப்பர், கேஸ்கட் விற்பவர்களிடம் கேட்கும்போது உணவுக்கு உகந்தது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இயந்திரத்துக்கான தாளைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

படி 1: பாட்டிலின் கழுத்தை அளவெடுங்கள்

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். நான்கு அளவுகள் தேவை: மரையின் உச்சியில் வெளிவிட்டம், மரைக்கு நடுவே உள்ள வெறும் கழுத்தின் வெளிவிட்டம், வாயின் உள்விட்டம், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். ஒவ்வொன்றையும் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். பிளாஸ்டிக் வாய் முழு வட்டமாக இருப்பது அரிது.

எடுத்துக்காட்டுக்கு 86, 83, 79, 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை. உங்கள் பாட்டிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: பள்ளம் இல்லாத அடைப்பு

இதுதான் மூடியின் உயிர்நாடி, இங்கே அவசரப்பட வேண்டாம். குக்கர் கேஸ்கட்டை நினைத்துப் பாருங்கள்: விரலால் இழுத்தால் கையோடு வந்துவிடும், கழுவி ஆணியில் மாட்டிவிடலாம். நம் வாஷரும் அப்படித்தான் கழன்று வர வேண்டும்.

மூடியின் உட்கூரையில் பள்ளம் தோண்டுவதற்குப் பதிலாக ஒரு சிறு வளைய மேடு எழுப்புங்கள். அதன் வெளிவிட்டம் 78 மி.மீ. பாட்டில் வாயின் உள்விட்டம் 79 என்பதால் சுற்றிலும் அரை மி.மீ. இடைவெளி இருக்கும். தட்டையான சிலிகான் வளையம் இந்த மேட்டைக் கவ்விக்கொண்டு நிற்கும். பாட்டிலின் விளிம்பு கீழிருந்து வந்து அதை அழுத்தும். மேட்டின் உயரம் 5 மி.மீ. போதும். அதற்கு மேல் உயர்த்தினால் மேட்டுக்கும் வெளிச்சுவருக்கும் இடையே புதிதாக ஒரு பள்ளம் உருவாகிவிடும். எதைத் துரத்தினோமோ அதுவே திரும்பி வரும்.

மேடு முழு வளையமாக இருக்கவும் தேவையில்லை. நீரை அடைப்பது சிலிகான். மேட்டுக்கு அதை இடத்தில் நிறுத்துவது மட்டுமே வேலை. எனவே நான்கு இடங்களில் 15 மி.மீ. அகலத்துக்கு மேட்டை வெட்டிவிடுங்கள். அந்த வழியாக விரல் நுனி போகும், தண்ணீரும் ஓடும், வளையத்தை நெம்பி எடுக்கவும் வசதி.

சிலிகான் வளையத்தை உள்விட்டம் 75, வெளிவிட்டம் 82 மி.மீ. என்று வெட்டுங்கள். 78 மி.மீ. மேட்டில் ஏற்றும்போது அது சற்று நீண்டு கவ்வும். வெளிவிட்டமும் ஏறக்குறைய 85-க்கு வரும். மூடியை முழுக்கத் திருகியபின் 2 மி.மீ. தடிமன் 1.6 ஆக நசுங்க வேண்டும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. சிலிகான் நசுங்கினாலும் அதன் கன அளவு குறையாது, பக்கவாட்டில்தான் பிதுங்கும். அதற்கு இடம் விடாவிட்டால் மூடியை எவ்வளவு திருகினாலும் கடைசிச் சுற்று ஏறாது. வளையத்துக்கும் வெளிச்சுவருக்கும் இடையே சுமார் 1 மி.மீ. விட்டிருப்பது இதற்காகத்தான்.

உள்மூலைகள் அனைத்தையும் 2 அல்லது 3 மி.மீ. ஆரத்தில் வளைத்துவிடுங்கள். செங்கோண மூலையில் கேழ்வரகு ஒட்டினால் நகத்தால்தான் சுரண்ட வேண்டும்.

படி 3: மரை

மூடியின் மரை உச்சிக்கு விட்டம் 83.8, அடிக்கு 86.8. பாட்டில் அளவோடு பக்கத்துக்கு 0.4 மி.மீ. கூட்டியிருக்கிறோம். வீட்டு 3டி பிரிண்டருக்கு இந்தத் தளர்வு வேண்டும். மரையின் வடிவம் கூர்மையாக இல்லாமல் உருண்டையாக இருக்கட்டும். சுவர் 2 மி.மீ. தடிமன் என்றால் மூடியின் வெளிவிட்டம் 90.8 ஆகும்.

பிடிக்கு மெல்லிய வரிகள் போட ஆசை வரும். வேண்டாம், அவை அழுக்கைச் சேர்க்கும். பன்னிரண்டு ஆழமற்ற குழிவுகள் போதும். வியர்த்த கைக்கும் பிடி கிடைக்கும்.

படி 4: குடிக்கும் வாய், அதற்கு எதிராக வரும் அழுத்தம்

வாயின் உள்விட்டம் 22 மி.மீ., உயரம் 12 மி.மீ. என்று வையுங்கள். சின்ன வெங்காயத் துண்டு அடைக்காது. சில மூடிகளில் காற்று உள்ளே போகத் தனியாக ஒரு சிறு துளை இருக்கும். அதை நான் வைப்பதில்லை. 22 மி.மீ. அகலத்தில் திரவத்தின் பக்கவாட்டிலேயே காற்று நுழைந்துவிடும். ஒரு துளை கூடினால் அதை அடைக்க ஒரு வாஷர் கூடும், கழுவ ஓர் இடமும் கூடும்.

வாயை மூடும் சிறுமூடி எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும்? இதைக் கணக்குப் போட்டுவிடலாம். பாட்டிலில் இருந்த காற்று 30 பாகை செல்சியஸ். அதில் 60 பாகை கஞ்சியை ஊற்றி மூடிக் குலுக்குகிறோம். காற்று சூடேறுவதால் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உயரும். நீராவியும் சேரும்: 30 பாகையில் அதன் அழுத்தம் சுமார் 4 கிலோபாஸ்கல், 60 பாகையில் சுமார் 20 (வளிமண்டல அழுத்தம் சுமார் 100). இரண்டையும் கூட்டினால் வளிமண்டல அழுத்தத்தில் கால் பங்கு உள்ளிருந்து தள்ளும். குலுக்கும்போதுதான் மூடி தெறிக்கிறது என்பதற்கும் காரணம் இதுவே. குலுக்கல் சூட்டையும் ஆவியையும் நொடியில் காற்றோடு கலந்துவிடுகிறது.

22 மி.மீ. வாயின் பரப்பு 3.8 சதுர செ.மீ. அதன்மேல் விழும் தள்ளுவிசை சுமார் 1 கிலோ எடை. அதே அழுத்தம் 79 மி.மீ. முழு மூடியை 12 கிலோவுக்கு மேல் தள்ளும், ஆனால் அதை மரை தாங்கிக்கொள்ளும். வாயை 30 மி.மீ. ஆக்கினால் சிறுமூடியின் சுமை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அகலமான வாய் கூழுக்கு வசதிதான்; அந்த ஆசைக்கு 22-இல் அணை போடுவதற்கு இதுவே காரணம். வெயிலில் வைத்த மோர் புளித்து வெளியிடும் வாயு இந்தக் கணக்கில் சேரவில்லை.

கீலிலிருந்து வாயின் மையத்துக்கு 20 மி.மீ., கொக்கிக்கு 40 மி.மீ. என்று வைத்தால் நெம்புகோல் விதிப்படி கொக்கிக்கு வரும் சுமை பாதியாகும். சிலிகானை நசுக்கும் விசையையும் பாதுகாப்பையும் சேர்த்து, ஒன்றரைக் கிலோ வரை தாங்கும்படி கொக்கியை வரையுங்கள். மூடியின் விளிம்பில் 0.8 மி.மீ. நீட்டிய ஓர் உதடு, அதைக் கவ்வும் நாக்கு, அவ்வளவுதான். நாக்கு நீளமாக இருந்தால் வளையும். குட்டையாக இருந்தால் சில நாளில் முறியும்.

சிறுமூடியின் உட்புறம் 8 மி.மீ. தலையுள்ள ஒரு குமிழ் வையுங்கள். 28 மி.மீ. சிலிகான் வட்டு ஒன்றை வெட்டி நடுவே 5 மி.மீ. துளையிட்டு அந்தக் குமிழில் மாட்டினால் வாய்க்கான அடைப்பு தயார். இதுவும் விரலால் கழன்று வரும். பசை எங்கும் கூடாது.

தூக்கிச் செல்ல வளையம் வேண்டும் என்று நண்பர்கள் கேட்பார்கள். அவர்களே வரைந்துகொள்ளட்டும்.

படி 5: அச்சிடுதல்

3டி பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழைகளில் பி.எல்.ஏ. ஏறக்குறைய 60 பாகையிலேயே இளகும், நம் கஞ்சிச் சோதனைக்கு உதவாது. பி.இ.டி.ஜி. இழையை எடுங்கள். முதலில் முழு மூடியையும் அச்சிட வேண்டாம். மரை உள்ள பகுதியை மட்டும் 10 மி.மீ. உயர வளையமாக அச்சிட்டு பாட்டிலில் திருகிப் பாருங்கள். இறுகினால் தளர்வை 0.1 கூட்டுங்கள், ஆடினால் குறையுங்கள். அது சரியானபின் வாயும் கீல் தூண்களும் உள்ள மேல்மூடியைத் தனியாகவும் மரைச் சுவரைத் தனியாகவும் பிரித்துவிடாமல் ஒரே துண்டாக அச்சிடுங்கள். மரைப் பக்கம் கீழே இருக்கட்டும். உட்கூரைக்கு மட்டும் தாங்கிகள் தேவைப்படும். அடுக்கு உயரம் 0.2 மி.மீ., சுற்றுச்சுவர் நான்கு வரி. சிறுமூடி தனி அச்சு.

கீலுக்கு ஆணி தேட வேண்டாம். 1.75 மி.மீ. இழையில் ஒரு துண்டை நறுக்கி, 2 மி.மீ. துளைகளில் செருகுங்கள். கழுவும்போது உருவிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை: அச்சிட்ட மூடியின் அடுக்கு வரிகளுக்கு இடையே கிருமி தங்கும். இது சோதனைக்கான மாதிரி மட்டுமே, இதில் குடிக்காதீர்கள்.

படி 6: சோதனைகள்

முதலில் கழுவும் சோதனை. மூடியின் உட்புறம் முழுக்கக் கூழைப் பூசி, பகல் முழுவதும் மூடி வைத்து, மாலையில் ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவுங்கள். காய்ந்தபின் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கேழ்வரகின் செம்பழுப்பு நிறம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அந்த மூலையின் ஆரத்தைப் பெரிதாக்குங்கள். இதில் தேறாத மூடிக்கு அடுத்த சோதனைகள் வீண்.

பிறகு ஒழுகல். முக்கால் பாட்டில் தண்ணீரில் சிறிது மை கலந்து, குலுக்கி, செய்தித்தாளில் சுற்றித் தலைகீழாக இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். கறை விழுந்த இடம் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும்: விளிம்போரம் என்றால் பெரிய வளையம், நடுவே என்றால் வாயின் வட்டு. அடுத்து 60 பாகை நீர் ஊற்றிக் குலுக்குங்கள். மூடியை முகத்துக்கு நேரே பிடிக்காமல், துணி சுற்றிப் பிடியுங்கள். கடைசியாக இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் கீழே விடுங்கள். கொக்கி திறந்துகொண்டால் உதட்டை 1 மி.மீ. ஆக்குங்கள்.

படி 7: வார்ப்புக்குப் போவதென்றால்

பலருக்கும் தரும் எண்ணம் இருந்தால் பாலிபுரொப்பிலீனில் ஊசி வார்ப்புதான் (உருகிய பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவது) வழி. வரைபடத்தில் சில மாற்றங்கள் வரும். பிளாஸ்டிக் ஆறும்போது 1 முதல் 2 விழுக்காடு வரை சுருங்கும், அச்சை அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும். செங்குத்துச் சுவர்களுக்கு ஒரு பாகையாவது சாய்வு வேண்டும், இல்லாவிட்டால் மூடி அச்சைவிட்டு வராது. உருண்டை மரை இங்கே இன்னொரு வகையில் கைகொடுக்கும்: மூடியைத் திருகிக் கழற்றாமல், சூடு இருக்கும்போதே நேராகத் தள்ளி எடுக்க முடியும். கீலையும் ஆணியில்லாமல் 0.3 மி.மீ. மெல்லிய தகடாக மூடியோடு சேர்த்தே வார்க்கலாம். பாலிபுரொப்பிலீன் ஆயிரக்கணக்கான மடிப்புகளைத் தாங்கும், வார்த்த சூட்டிலேயே ஓரிரு முறை மடித்துவிட்டால் இன்னும் உறுதி பெறும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அச்சு செய்பவர்களைப் பார்க்கப் போகும்போது வரைபடத்தோடு, கூழ் பூசிக் கழுவிய மாதிரி மூடியையும் எடுத்துச் செல்லுங்கள். 1968 முதல் கிண்டியில் இயங்கும், மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமான சிப்பெட்டில் பிளாஸ்டிக் அச்சு வடிவமைப்பைப் பாடமாகவே படிக்கலாம். மூலப்பொருள் வாங்கும்போது, உணவோடு தொடும் பாலிபுரொப்பிலீனுக்கான ஐ.எஸ். 10910 தரத்துக்கு உட்பட்டது என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மறுசுழற்சிக் குருணை விலை மலிவு என்று யாராவது சொன்னால், அதை வாளி செய்பவருக்கு விட்டுவிடுங்கள்.