பழைய கல்லறைக் கல்லைக் கெடுக்காமல் சுத்தம் செய்வது எப்படி?

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், 1840களில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து குடியேறியவர்களின் கல்லறைத் தோட்டங்கள் பல இடங்களில் உண்டு. 1909 பிப்ரவரி 14-க்கு முன் இறந்த ஒருவரையாவது புதைத்திருந்தால் அது வரலாற்றுக் கல்லறைத் தோட்டம் என்கிறது மாநிலச் சட்டம். பல தோட்டங்களில் கற்களைக் கழுவி நிமிர்த்துவது தன்னார்வலர்கள்தான். போர்ட்லாந்து, ஹில்ஸ்பரோ பக்கம் இருக்கும் நம்மவர்களும் இதில் இறங்கலாம். இறங்குமுன் ஒன்று: கல்லைப் புதிதாக்குவது நம் வேலையில்லை. அது இன்னும் கொஞ்ச காலம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

1. அனுமதி

கேட்காமல் கை வைக்காதீர்கள். தோட்டம் தேவாலயத்துடையதாக இருக்கலாம், ஒரு குடும்பத்துடையதாக இருக்கலாம். போர்ட்லாந்தின் லோன் ஃபிர் தோட்டம் மெட்ரோ என்ற வட்டார நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

2. படம், குறிப்பு

நான்கு பக்கமும் படம் எடுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி அடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து பெயர் எழுந்து வரும். சாக்பீஸ், மாவு, ஷேவிங் கிரீம் பூசிப் படிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வேண்டவே வேண்டாம். அந்தக் கிரீமில் உள்ள அமிலம் கல்லின் துளைகளுக்குள் தங்கிவிடும்.

3. கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

அக்காலக் கற்களில் நிறைய வெள்ளைச் சலவைக்கல்தான். விரலால் மெல்லத் தடவுங்கள். சர்க்கரை போலத் துகள் உதிர்ந்தால் அந்தக் கல்லைக் கழுவக் கூடாது. மணற்கல் ஏடு ஏடாகப் பிரிந்தாலும், தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்டாலும் அப்படியே விட்டுவிடுங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், எழுத்து கூர்மையாக நிற்கும் நினைவுச்சின்னம் இருந்தால் அது கல்லே இல்லை, துத்தநாக வார்ப்பு. உள்ளே கூடாக இருக்கும். ‘வெள்ளை வெண்கலம்’ என்று பெயர் சூட்டி விற்றார்கள்! அதற்கு வெறும் தண்ணீர் போதும்.

4. கழுவுதல்

பல தோட்டங்களில் குழாய் இருக்காது. தண்ணீரைக் கேனில் கொண்டுபோங்கள். மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் வசதி, ஆனால் களைக்கொல்லி தொடாத புதியதாக இருக்கட்டும். முதலில் கல் முழுவதையும் நன்றாக நனையுங்கள். பாசியையும், கல்லில் பொருக்குப் போல ஒட்டி வளரும் லைக்கனையும் மரக் குச்சியால் அல்லது பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு மென்மையான நைலான் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த பகுதியில் வழிந்து கோடுகோடாகக் கறை பிடிக்கும். நடுவில் கல் காயவே கூடாது.

கம்பி பிரஷ், பிரஷர் வாஷர், வினிகர், பிளீச் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. வினிகர் சலவைக்கல்லைக் கரைக்கும். பிளீச் அன்றைக்குப் பளிச்சென்று காட்டும். உள்ளே தங்கும் உப்பு பிறகு படிகமாகி மேற்பரப்பைப் பெயர்க்கும்.

5. தண்ணீருக்குப் போகாத கறை

இதற்கு டி/2 (D/2) என்ற, பாசி, லைக்கன் போன்றவற்றைக் கொல்லும் கரைசலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். தெளித்து 10 முதல் 15 நிமிடம் விட்டு, தேய்த்து, அலசுங்கள். மீதிக் கறை அடுத்த சில மாதங்களில் தானாக வெளுக்கும். இடையில் கல் ஆரஞ்சு நிறமானால் பதற வேண்டாம், போய்விடும். இரவில் உறைபனி வரும் பருவத்தில் இந்த வேலையே கூடாது.

6. சாய்ந்ததும் உடைந்ததும்

90 செ.மீ. உயரம், 45 செ.மீ. அகலம், 7.5 செ.மீ. கனமுள்ள சலவைக்கல் 80 கிலோவுக்கு மேல் இருக்கும். பயிற்சி பெற்றவர் இல்லாமல் கடப்பாரையைத் தொடாதீர்கள். அவர் வந்தால் ஜல்லியும் மணலும் கெட்டித்து, ரசமட்டம் வைத்து நிமிர்த்துவார். பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம். விரிசலைச் சிமெண்டால் அடைப்பது பெரிய தவறு. அது பழைய கல்லைவிடக் கடினம், அதனால் அடுத்த முறை உடைவது கல்தான். சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும். உடைந்த துண்டுகளை இடம் மாற்றாமல் படமெடுத்து நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

கடைசியாக, எந்தக் கல், எந்தத் தேதி, என்ன போட்டுக் கழுவினீர்கள் என்று தோட்டத்தின் பதிவேட்டில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறொரு குழு அதே கல்லை மறுபடியும் தேய்க்கும்.