பொலோன்யாவில் முதல் வாரம்: ஐந்தடியில் நடந்து பழகியவனுக்கு

முதலில் நீ படிக்கப் போகும் இத்தாலிய ஊரின் பெயரைச் சரியாகச் சொல், தம்பி. போலோக்னா இல்லை, பொலோன்யா. 'க்' எழுத்தில் இருக்கும், வாயில் வராது. நேற்று உன் அம்மா எங்கள் ஒட்டுக்கடைக்கு வந்து, "என் பையன் பொலோனியாவுக்குப் போகிறான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னோடு படித்த கோலாலம்பூர்க்காரர்களைவிட அவர் உச்சரிப்பு எவ்வளவோ மேல்.

நேரில் சொல்லலாம்தான். ஆனால் என் அம்மா தே தாரிக் தேநீர் ஆற்றிக்கொண்டே குறுக்கே புகுந்து, கம்பளி எடுத்துக்கொண்டாயா என்பதிலேயே பேச்சை நிறுத்திவிடுவார். அதனால் எழுதித் தருகிறேன்.

அந்த நகரத்தைப் பழகுவது எப்படி என்று கேட்டாய். உனக்கு அது ஏற்கெனவே பழக்கம். இங்கே மலேசியாவில், நம் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மழை பிடித்தால் என்ன செய்வோம்? கடைகளின் முன்னால் மாடிக்குக் கீழே ஓடும் நடைபாதையான ஐந்தடியில் ஏறிக்கொண்டு, மளிகைக்கடையிலிருந்து நகைக்கடை வரை நனையாமல் போய்விடுவோம். பொலோன்யா முழுக்க ஐந்தடிதான். அங்கே அதைப் போர்ட்டிகோ என்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர் வரும். 2021-இல் யுனெஸ்கோ அவற்றில் தேர்ந்தெடுத்த பகுதிகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அவை முளைத்ததற்குக் காரணமே உன்னைப் போன்றவர்கள்தான். அங்குள்ள பல்கலைக்கழகம் 1088-இல் தொடங்கியதாகக் கணக்கு. படிக்க வந்த கூட்டத்துக்குத் தங்க இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருப்பக்கம் நீட்டி, கீழே மரத்தூண்களை முட்டுக்கொடுத்தார்கள். 1288-இல் நகரம் ஒரு சட்டம் போட்டது: புதிதாகக் கட்டும் வீட்டுக்குப் போர்ட்டிகோ இருந்தே ஆக வேண்டும், குதிரையில் வருகிறவன் தலை இடிக்காத உயரத்தில். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. நம்மூரில் வாளியையும் துடைப்பத்தையும் ஐந்தடியில் பரப்பிவைத்து நம்மைச் சாக்கடை ஓரமாக இறக்கிவிடுகிறார்களே, அவர்களிடம் இந்தச் சட்டத்தை ஒருநாள் வாசித்துக்காட்ட வேண்டும்.

இறங்கிய மறுநாள் கைப்பேசி வரைபடத்தைப் பைக்குள் போட்டுவிட்டு ரயில் நிலையத்திலிருந்து நடக்கத் தொடங்கு. வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் 10:25-இல் நின்றிருக்கும். பழுது என்று நினைத்துவிடாதே. 1980 ஆகஸ்டு 2 அன்று அந்த நேரத்தில் அங்கே குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். அப்படியே இந்திபெந்தென்சா வீதியைப் பிடி. போர்ட்டிகோ வழியாகவே நேராகப் பெரிய சதுக்கத்துக்கு, பியாட்சா மஜ்ஜோரேக்கு, வந்து சேர்வாய்.

அங்கிருந்து இரண்டு கோபுரங்களைத் தாண்டி ஸ்ட்ராதா மஜ்ஜோரேயில் காசா இசோலானி என்ற வீட்டைத் தேடு. பதின்மூன்றாம் நூற்றாண்டு வீடு. அதன் போர்ட்டிகோ இன்னும் மரத்தூண்களின் மேல்தான் நிற்கிறது. ஓக் மரம், ஏறக்குறைய ஒன்பது மீட்டர் உயரம். தூணில் கையை வைத்துப் பார். பழைய லயத்து வீட்டு வாசற்கால் மாதிரி கறுத்து, நீளவாக்கில் வெடித்திருக்கும். பிறகு அண்ணாந்து மேல் உத்திரங்களைப் பார். மூன்று அம்புகள் குத்தி நிற்பதாகச் சொல்வார்கள். எனக்கு முதல் இரண்டு தடவை எதுவும் தென்படவில்லை. மூன்றாவது தடவை ஒரு கிழவர் என் தோளைத் தொட்டு விரலை நீட்டிக் காட்டினார். அதற்கு ஒரு காதல் கதையும் உண்டு. அங்கே போய் யாரிடமாவது கேள், பேச ஒரு சாக்கு கிடைக்கும்.

இனி காகிதம். போய்ச் சேர்ந்த எட்டு வேலைநாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ என்று கேட்டால் அஞ்சலகத்தில் படிவங்கள் அடங்கிய உறை இலவசமாகத் தருவார்கள். 16 யூரோ முத்திரை வில்லையை வெளியே வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய 'டி' எழுத்துப் பலகை தொங்கும் சிகரெட் கடைகளில் கிடைக்கும். உறையை ஒட்டிவிடாதே, திறந்தபடியே கொடு. நான் பசை போட்டு அழகாக ஒட்டிக்கொண்டு போனேன். முகப்பில் இருந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் கத்தரியால் வெட்டித் திறந்தார். கிடைக்கும் ரசீதை உயிர்போல் வைத்துக்கொள். அனுமதி அட்டை வர மாதக்கணக்காகும், அதுவரை ரசீதுதான் உனக்காகப் பேசும். கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களையும் இங்கேயே நகலெடுத்துக்கொண்டு போ.

அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதே. நான் அனுப்பி ஏமாந்தேன். அவ்வளவுதான், அந்தக் கதை வேண்டாம்.

பெட்டியில் நெய், பால்பொடி, இறைச்சி எதுவும் வைக்காதே. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் நோய், பூச்சி இல்லை என்ற சான்றிதழ் கேட்பார்கள். பொடியாக இடித்துக் கொண்டு போ. நெத்திலிக் கருவாட்டுக்குத் தடையில்லை. வேடிக்கை என்னவென்றால், பழங்களுக்குக் கேட்கும் அந்தச் சான்றிதழ் டுரியானுக்கு வேண்டாம். விமானத்தில் ஏற்றுவார்களா என்பது வேறு வழக்கு.

உன் வீட்டில் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள் என்பதால் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த ஊரின் பெருமையான ராகூ என்ற இறைச்சிக் குழம்பில் மாடும் பன்றியும் சேர்ந்தே இருக்கும். தொர்தெல்லீனி என்பது சின்ன மோதிரம் மாதிரி மடித்த மாவு, உள்ளே பன்றியிறைச்சி. தொர்தெல்லோனி அதன் அண்ணன், உருவத்தில் பெரியது. உள்ளே பெரும்பாலும் ரிகோட்டா பாலாடைக்கட்டியும் கீரையும் இருக்கும், வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள். 'லீ' மாறி 'லோ' ஆனால் நீ பசியாறலாம். இருந்தாலும் உள்ளே என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள். பியாதீனா என்ற தட்டை ரொட்டி பார்க்க நம் ரொட்டி சானாய் போலவே இருக்கும். மனம் இளகிவிடாதே, பழைய முறையில் பன்றிக் கொழுப்பு போட்டுத்தான் பிசைவார்கள். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் உண்டு, கேட்டு வாங்கு. மதியச் சாப்பாட்டு நேரம் தவறினால் பல கடைகளில் இரவு வரை அடுப்பு மூட்டமாட்டார்கள். ராத்திரி பன்னிரண்டுக்கும் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும் ஊரில் வளர்ந்த நமக்கு முதல் வாரம் இதுதான் பெரிய அடி.

அந்த இரண்டு கோபுரங்களில் ஒன்றான அசினெல்லிக்கு 498 படிகள். பத்துமலைக்கு 272 என்பதால் உனக்குக் கை அரிக்கும். பட்டம் வாங்கும் முன் ஏறினால் படிப்பு முடியாது என்பது அங்குள்ள மாணவர்களின் நம்பிக்கை. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெண்டா கோபுரத்தைப் பற்றிய கவலையில் 2023 அக்டோபரில் இரண்டையும் மூடிவிட்டார்கள். ஆகையால் உன் பட்டத்துக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சான் லூகாவுக்கு ஒதுக்கு. சரகோட்சா வாயிலிலிருந்து குன்றின் மேலுள்ள மாதா கோவில் வரை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டருக்கு ஒரே போர்ட்டிகோ, 666 வளைவுகள். மெலோன்செல்லோ வளைவு வரை சமதரை, பிறகு ஏற்றம். நான் எண்ணிக்கொண்டே போனேன். இருநூற்றுச் சொச்சத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன், எழுந்தபோது எண் மறந்துவிட்டது. அன்று நல்ல மழை. குடையும் இல்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது செருப்பு நுனி மட்டும்தான் நனைந்திருந்தது.

காலையில் சீக்கிரம் கிளம்பினால் பத்து மணிக்கு மேலே இருப்பாய். இங்கே அப்போது மாலை நான்கு. உன் அம்மா எங்கள் கடையில் கோப்பிக்கு உட்காரும் நேரம், அங்கிருந்தே கூப்பிடு. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதற்குப் பிறகு ஒன்பது மணிக்கே கூப்பிடு, இல்லாவிட்டால் அவர் ஐந்து மணி வரை எழுந்திருக்கமாட்டார், எங்களாலும் கடையைக் கட்ட முடியாது.