மதுரை வட்டார ரயில் பாதைப் பணிகள்: தவிர்க்க வேண்டிய சூழல் தவறுகள்

டீசல் எஞ்சின் போய் மின்சார எஞ்சின் வந்துவிட்டால் ரயில் பாதை பசுமையாகிவிடும் என்று எண்ணுவதே முதல் தவறு. மின்மயமாக்கல் புகையைக் குறைப்பது உண்மைதான். ஆனால் கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற பகுதிகளில் ரயில் பாதையால் பெருங்கேடு நேருமானால், அது பெரும்பாலும் கண்மாய்க்கு வரும் நீரை மறிக்கும் அதன் மண்கரையால்தான் நேரும்.

ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து, கருவேலம் மண்டிக் கிடக்கும் வரத்துக்காலை, அதாவது கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலை, கோடையில் அளக்க வருபவர் தரிசு என்றே நினைத்துவிடக்கூடும். வடகிழக்குப் பருவமழையின் சில நாட்களில் அதன் வழியே வரும் நீர்தான் கண்மாயை நிரப்புகிறது. மதுரை–போடிநாயக்கனூர் போன்ற அகலப்பாதை மாற்றத்திலும், மதுரை–வாஞ்சி மணியாச்சி போன்ற இரட்டைப்பாதைப் பணியிலும், பழைய சிறு பாலத்தில் நீர் போகும் திறப்பின் அளவையே அப்படியே நீட்டித்துவிடாமல், கிராம வரைபடத்தோடு ஒப்பிட்டு, அந்தக் கண்மாய் நீரில் பயிரிடும் ஆயக்கட்டு விவசாயிகளிடமும் கேட்டறிந்து நீர்வழியின் அளவைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். இதைவிட எளிதில் மறக்கப்படுவது, லாரி போவதற்காக வாய்க்காலின் குறுக்கே கொட்டும் கிராவல். அதை அகற்றி வாய்க்காலைப் பழைய ஆழத்துக்கு மீட்பதை ஒப்பந்தத்தில் தனி இனமாகச் சேர்த்து, அளந்து பார்த்த பிறகே ஒப்பந்ததாரரின் இறுதிப் பட்டியலுக்குப் (பில்லுக்குப்) பணம் வழங்குவது நல்லது.

கண்மாயைத் தூர்வாரி அந்த மண்ணை ரயில் கரைக்குக் கொட்டினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தோன்றலாம். வண்டல் வயலுக்கு உரம்; நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணோ ரயில் கரைக்கு ஆகாது. அதனால் நல்ல மண் தேடிக் கண்மாய்க்குள் ஆழமாகத் தோண்டுகிறார்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே அந்தப் பள்ளங்களில் தேங்கும் நீர் வயலுக்கு ஏறாது.

தண்டவாளத்தின் அடியில் பரப்பும் ஜல்லியில் மலிவு பார்ப்பதும் தவறே. 20 முதல் 65 மில்லிமீட்டர் வரையுள்ள கடினக் கல்லைப் போட வேண்டிய இடத்தில் நொய்ந்த கல்லைப் போட்டால், அது அதிர்வில் பொடிந்து, இடுக்குகளை அடைத்து, நீரைத் தேக்கிவிடும். பிறகு பாதை அமிழும், ஜல்லியை அள்ளிச் சலிக்கும் சல்லடைப் பணியும் முன்கூட்டியே வரும், இன்னொரு குன்றும் உடைபடும். சலிக்கும்போது தேறும் கல்லைத் திரும்பப் போட்டு, கழிவு மண்ணை மட்டும் அப்புறப்படுத்த வேண்டும். அந்தக் கழிவு பக்க வடிகாலிலேயே கிடந்தால் சலித்ததில் பயனில்லை.

களைக்கொல்லியை மழைக்கு முன் தெளிப்பது, அதைக் கண்மாய்க்கே அனுப்புவதாகும். நீர்வழிகளை ஒட்டிய பகுதியில் கையால் களையெடுப்பதே முறை. மக்காமல் இருக்கப் பூசிய கிரியோசோட் என்னும் தார் எண்ணெய் ஊறிய பழைய மரச் சிலீப்பர் கட்டைகளை விறகாக எரிக்கவே கூடாது, அந்தப் புகை நச்சு.

மரம் வெட்டியதற்கு ஈடாகக் கரைச் சரிவிலேயே நெருக்கமாக மரக்கன்று நடுவதும் சரியன்று. அவை வளர்ந்ததும் மின்கம்பிக்கு இடையூறு என்று வெட்டத்தான் போகிறார்கள். சரிவுக்கு மண்ணைப் பிடிக்கும் வெட்டிவேர் போன்ற புல் போதும். மரங்களை ஊர்ப் பொது இடங்களில், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் பக்கமாக நட வேண்டும்.