ஏற்காடு ஏறும் முன்: உங்கள் நடையின் பேஸைக் கண்டுபிடிப்பது எப்படி?

அடிவாரத்திலிருந்து நடந்தே ஏற்காடு போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஷூவைத்தான். ஆனால் இரண்டாவது வளைவிலேயே மூச்சு வாங்க உட்கார வைப்பது வேகம். அதனால் முதலில் சேலத்தில், சமதரையில் அளந்துகொள்ளுங்கள்.

1. ஒரு சுற்று, ஒரு கணக்கு

400 மீட்டர் ஓட்டத்தடம் ஒன்றில் ஒரு சுற்று உடம்பு சூடாக நடங்கள். அடுத்த சுற்றுக்கு நேரம் பாருங்கள். 5 நிமிடம் ஆனால் கிலோமீட்டருக்கு 12.5 நிமிடம். பேஸ் என்பது இதுதான். எண் குறையக் குறைய வேகம் அதிகம். மணிக்கணக்கில் சொன்னால் 4.8 கிலோமீட்டர்.

2. காலடியை எண்ணுங்கள்

நேர்ச்சாலையில் 100 மீட்டர் நடந்து, இடது கால் ஊன்றுவதை மட்டும் எண்ணுங்கள். பலருக்கு 60-லிருந்து 70-க்குள் வரும். ரோமானியர்களும் இப்படித்தான் இரண்டு அடியை ஒன்றாக எண்ணினார்கள். அப்படி ஆயிரம் சேர்ந்தால் அவர்களுக்கு ஒரு மைல். இடது பாக்கெட்டில் பத்து கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு, 100 மீட்டருக்கு ஒன்றாக வலது பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கிலோமீட்டர் தெரியும். ஏற்றத்தில் அடி குறுகும், எண்ணிக்கை கூடும். மைல்கல்லை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

3. மலைக்கு நேரம் கூட்டுங்கள்

ஸ்காட்லாந்து மலையேறி நேய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் உயரத்துக்கு இன்னொரு மணி நேரம். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500. ஆக, தூரத்துக்கான நேரம் போக, ஏற்றத்துக்கு மட்டுமே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். டீ குடிப்பதும் உட்காருவதும் இதில் சேராது.

4. பேச்சை விடாதீர்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கடிகாரத்தை மறந்துவிட்டு மூச்சைக் கவனியுங்கள். கூட வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அடியைச் சுருக்குங்கள். தாளம் மட்டும் மாறாமல் இருக்கட்டும். வேகமாகப் பத்து நிமிடம், ஓய்வு பத்து நிமிடம் என்று போகிறவர்களைவிட, நிற்காமல் மெதுவாக ஏறுகிறவர்களுக்குக் கால் தாங்கும். வளைவின் உள்பக்கம் சரிவு செங்குத்து. எதிரே பஸ் வருவது தெரியும்படி சாலையின் வலதோரம் நடங்கள்.

இறங்கும்போதும் அடி குட்டையாகவே இருக்கட்டும், அப்போதுதான் முழங்கால் வலிக்காது. சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் போவதென்றால் வனத்துறை அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள்.