கியாந்தி கிளாசிக்கோ: எப்படிச் சுவைப்பது, எதோடு சாப்பிடுவது

இனிப்பே இல்லாத சிவப்பு ஒயினைப் பழக வேண்டுமென்றால் இத்தாலியின் கியாந்தி கிளாசிக்கோவிலிருந்து தொடங்குங்கள். ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே உள்ள குன்றுகளில் விளையும் திராட்சையில் செய்வது, அதில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சியோவேசே என்ற திராட்சை வகை. பாட்டிலில் கருஞ்சேவல் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அறை வெப்பத்தில் குடிக்கணும் என்பார்களே, அது குளிர்தேசத்து அறை. 16 முதல் 18 டிகிரிதான் சரி, வெயில் காலமென்றால் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, முதலில் சும்மா முகர்ந்து, அப்புறம் சுழற்றிவிட்டு மறுபடி முகர்ந்தால் புளிப்புச் செர்ரியும் காய்ந்த மூலிகையும் மேலே வரும். ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் வாய் முழுக்கப் புரட்டுங்கள். எச்சில் ஊறுகிறதா, அது அமிலம். வாழைப்பூவைப் பச்சையாக மென்றதுபோல் ஈறும் கன்னமும் இழுத்துப் பிடிக்கிறதா, அது டானின் என்ற துவர்ப்புப் பொருள்.

இந்த இரண்டையும் வைத்துத்தான் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தக்காளி சாஸ் போட்ட பாஸ்தாவின் புளிப்புக்கு அமிலம் குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும், இது ஈடுகொடுக்கும். ஃபுளோரன்ஸ்காரர்கள் எலும்போடு கனமாக வெட்டிக் கரியில் வாட்டும் மாட்டிறைச்சியோடு குடித்துப் பாருங்கள்: இறைச்சியின் புரதமும் கொழுப்பும் உப்பும் சேர்ந்து துவர்ப்பை அடக்கிவிட, பழச்சுவை முன்னால் வரும். செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பெக்கொரினோ சீஸும் நல்ல ஜோடி. காரம் வேண்டாம், எரிச்சல்தான் கூடும். எண்ணெய்ப் பசையுள்ள மீனோடு குடித்தால் இரும்பை நக்கியதுபோல் இருக்கும்.

மிச்சத்தைக் கார்க்கால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.