முதல் பெடலை மீண்டும் மிதிக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டார் வாசிப்பவர்களிடம் பேசிப் பார்த்தால், முதல் கிட்டாரைவிட முதல் எஃபெக்ட்ஸ் பெடலைப் பற்றித்தான் அவர்கள் அதிக நேரம் பேசுவார்கள். கிட்டார் பழகப் பழகத்தான் வசப்படும். விரல் நுனி காய்த்துப்போக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெடலோ மிதித்த நொடியிலேயே ஒலியை மாற்றிவிடும். அதுவரை கேசட்டில் மட்டுமே கேட்டிருந்த ஓர் உறுமல் நம் வீட்டுக் கூடத்திலேயே நம் கையிலிருந்து எழும் அந்தக் கணத்தை யாரும் மறப்பதில்லை. என் முதல் பெடல் பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1; கிட்டார் ஒலியை முரட்டு உறுமலாகச் சிதைக்கும் டிஸ்டார்ஷன் வகை. 1991இல் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா வாங்கிவந்து கொடுத்தார். ஆரஞ்சு நிறம், உள்ளங்கையை நிறைக்கும் கனம், கால் வைக்கும் இடத்தில் கறுப்பு ரப்பர், மேலே டோன் (தொனி), லெவல் (ஒலியளவு), டிஸ்ட் (சிதைவின் அளவு) என்று மூன்று குமிழ்கள். அந்த மூன்றையும் கடைசிவரை திருப்பி வைத்தே எப்போதும் வாசித்தேன் என்பது என் உறுதியான நினைவாக இருந்தது.

இப்படிப்பட்ட பெடல்கள் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் பரணிலிருந்து இறங்கும்போது, ஆர்வ மிகுதியில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் செய்யப்படும் தவறுகளே அவற்றுக்குப் பெரும் சேதத்தை உண்டாக்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மின்சாரம் தொடர்பானவை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கையில் கிடைத்த அடாப்டரைச் செருகுவது

நம் ஊரில் பேட்டரி எலிமினேட்டர் என்று ஒரு பெட்டி எல்லா வீட்டிலும் இருந்தது. 3 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் வரை மாற்றிக்கொள்ளலாம். வால்பக்கத்தில் நான்கைந்து விதப் பிளக்குகள் இருக்கும். ரேடியோவுக்கு வாங்கிய அந்த எலிமினேட்டரை 9 வோல்ட்டில் வைத்துப் பெடலில் செருகுவதுதான் முதல் தவறு. கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை பிளக்கின் நடுமுனை எதிர்மின்னாகவும் வெளிப்புறம் நேர்மின்னாகவும் இருக்க வேண்டும் என்ற முறையில் அமைந்தவை. மற்ற வீட்டுச் சாதனங்கள் பலவற்றில் இது நேர்மாறு. முனை மாறிய மின்சாரம் உள்ளே சென்றால், சில பெடல்களில் உள்ள காப்பு டயோடு அதைத் தாங்கிக்கொள்ளும். அது இல்லாத பெடலில் டிரான்சிஸ்டரோ ஐசி எனும் சில்லோ போய்விடும். எனவே பெடலின் மீதோ அடியிலோ அச்சிட்டிருக்கும் சிறிய முனைக்குறியைக் கண்ணாடி போட்டாவது படித்துவிட்டுத்தான் செருக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பெடலோடு சேர்ந்து வந்த பழைய அடாப்டர்களில் இன்னொரு ஆபத்து உண்டு. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். இன்றைய சிறிய அடாப்டர்கள் பல 100 முதல் 240 வரை தாமே சமாளித்துக்கொள்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய கனத்த அடாப்டர்களால் அது முடியாது. நம் பிளக்கில் செருகினால் அடாப்டர் புகையும். அதிர்ஷ்டம் இல்லையென்றால் பெடலும் சேர்ந்து போகும்.

பாஸ் பெடல் வைத்திருப்பவர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்நிறுவனத்தின் பழைய பெடல்களில் ஏசிஏ என்ற அடாப்டரைப் பயன்படுத்தும்படி அச்சிட்டிருக்கும். அது ஒழுங்குபடுத்தப்படாத 12 வோல்ட் அடாப்டர். பெடலுக்குள் உள்ள ஒரு ரெசிஸ்டரும் டயோடும் அதை ஏறக்குறைய 9 வோல்ட்டுக்குக் குறைத்துக்கொள்ளும். பின்னாளில் வந்த பிஎஸ்ஏ வகை நேரடியாகச் சீரான 9 வோல்ட்டைத் தருவது. பழைய பெடலில் புது பிஎஸ்ஏ அடாப்டரைச் செருகினால், ஏற்கெனவே 9 ஆக இருப்பது உள்ளே மேலும் குறைந்து, எல்இடி மங்கலாக எரியும், ஒலியும் சோனியாகிவிடும். இதைப் பார்த்துவிட்டுப் பெடல் கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பெடல்களில் எந்தக் குறையும் இல்லை. ஐயம் இருந்தால் புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்றைப் போட்டுப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். சோதனைக்கு அதைவிடப் பாதுகாப்பான வழியும் இல்லை.

பேட்டரி என்றதும் சொல்ல வேண்டியது, பெரும்பாலான பெடல்களுக்குத் தனி ஆன் சுவிட்ச் கிடையாது. இன்புட் ஜாக்கில் கேபிள் நுழைவதே சுவிட்ச். வாசித்து முடித்தபின் கேபிளைப் பிடுங்காமல் விட்டால் இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கும். அதைவிடக் கொடியது, பேட்டரியை உள்ளேயே விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் மறந்துபோவது. கசிந்த அல்கலைன் பேட்டரியிலிருந்து வெளிவரும் காரம், தொடர்பு முனைகளை அரித்துப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். அந்தக் காரத்தை முறிக்கச் சில சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து நன்றாக உலரவிட வேண்டும். கடற்காற்று வீசும் ஊர்களில் பேட்டரி கசியாவிட்டாலும் ஜாக்குகள் தாமாகவே களிம்பேறும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலி பெட்டிக்குள் மட்டுமே இருந்ததாக நம்புவது

பெடல் உயிர்பெற்ற பிறகு வரும் ஏமாற்றம் வேறு வகையானது. ‘இது அந்தச் சத்தமே இல்லையே’ என்று தோன்றும். அப்போது பெடலைக் குறை சொல்வது பெரிய தவறு. அன்று நாம் கேட்ட ஒலி பெடலில் தொடங்கியது. முடிந்தது சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் மலிவான ஸ்பீக்கரிலும், மொசைக் தரையும் வெற்றுச் சுவருமாக இருந்த அறையிலும்தான். கிட்டார் ஸ்பீக்கர் என்பது வீட்டு ஸ்டீரியோ ஸ்பீக்கர் போல எல்லா அதிர்வெண்களையும் பாடுவதில்லை. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை அது பெருமளவு வடிகட்டிவிடும். டிஸ்டார்ஷன் பெடல் உண்டாக்கும் முரட்டு உச்சஒலிகள் எல்லாம் அங்கே தடுக்கப்பட்டு, காதுக்கு இதமான உறுமல் மட்டும் வெளியே வரும்.

இன்று பலர் அதே பெடலை கிட்டார் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸில் நேரடியாகச் செருகி, ஹெட்ஃபோனில் கேட்கிறார்கள். வடிகட்ட ஸ்பீக்கர் இல்லாததால், டப்பாவுக்குள் அடைபட்ட வண்டு இரைவது போன்ற ஒலிதான் வரும். ஆம்ப் இல்லையென்றால், கணினியில் ஸ்பீக்கர் பெட்டியின் (கேபினட்) ஒலியைப் போலச் செய்யும் மென்பொருள் ஒன்றைப் பெடலுக்கு அடுத்ததாக வைத்துவிட்டுக் கேளுங்கள். பாதி நினைவு அங்கேயே திரும்பி வரும்.

மறுபாதி குமிழ்களில் இருக்கிறது. டிஎஸ்-1இன் டோன் குமிழ் வெறுமனே உச்சஒலியைக் கூட்டிக் குறைப்பதல்ல. நடுப்பகுதியில் வைத்தால் கிட்டாரின் நடுத்தர அதிர்வெண்களில் ஒரு பள்ளம் விழும். தனியாக வாசிக்கும்போது அது கம்பீரமாகவே ஒலிக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும், ஏனென்றால் கூட்டத்தில் நம் காது கிட்டாரைக் கண்டுபிடிப்பதே அந்த நடுப்பகுதியால்தான். டோன் குமிழைக் கடிகாரத்தின் 9 மணி முள் நிற்கும் இடத்துக்கு இறக்கி, டிஸ்ட்டைச் சற்றுக் குறைத்து, லெவலைக் கூட்டினால் அதே பெடல் முன்னால் வந்து நிற்கும். எல்லாவற்றையும் முழுக்கத் திருப்புவது எப்போதும் பிழை என்றும் சொல்லிவிட முடியாது. பாஸின் எச்எம்-2 என்ற பெடலில் நான்கு குமிழ்களையும் கடைசிவரை திருப்பியதால் பிறந்த ஒலிதான், ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து 90களின் தொடக்கத்தில் வெளிவந்த ஸ்வீடிஷ் டெத் மெட்டல் இசையின் அடையாளமாயிற்று. 1983இல் அறிமுகமாகி 1991இல் நிறுத்தப்பட்ட அந்தப் பெடலை அன்று பலர் சீந்தவில்லை. இன்று தேடி அலைகிறார்கள். முதல் பெடலை விற்றுவிட நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

வரிசையையும் வெப்பத்தையும் மறப்பது

உங்கள் முதல் பெடல், ஒலியை இன்னும் கரடுமுரடாக்கும் பழைய ஃபஸ் வகையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் 1966இல் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸும் அதன் வழிவந்த பெடல்களும் கிட்டாரோடு நேரடியாகப் பேசும்படி அமைந்தவை. இடையில், சிக்னலுக்கு வலுவூட்டும் பஃபர் என்ற சுற்று உள்ள ட்யூனர் (சுருதி பார்க்கும்) பெடலை வைத்தால் ஒலி வறண்டு, கிட்டாரின் வால்யூமைக் குறைக்கும்போது கிடைக்கும் அந்தத் தெளிந்த தொனியும் இல்லாமல் போகும். ஃபஸ்ஸை முதலில் வைத்து, ட்யூனரைப் பிறகு வையுங்கள். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ள பழைய ஃபஸ்களின் நடத்தை அறை வெப்பத்துக்கேற்ப மாறும்; மே மாத வெயிலில் மொட்டைமாடியில் வாசித்துவிட்டு அது பழுதாகிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. மேலும் இவற்றில் பல, நேர்மின் முனையையே தரையாகக் கொண்டவை. மற்ற பெடல்களுடன் ஒரே கம்பியில் கோத்து மின்சாரம் கொடுத்தால் ஷார்ட் ஆகிவிடும். இவற்றுக்குத் தனிப் பேட்டரியே நல்லது.

திருத்துகிறேன் என்று மாற்றிவிடுவது

குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால், வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை எடுக்காதீர்கள். குமிழுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டருக்குள் இருக்கும் மசகைக் கழுவிக்கொண்டு போய், பின்னர் தூசியையும் அது பிடித்து வைக்கும். மின்தொடர்புகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு விட்டு, குமிழை முப்பது தடவை இருபுறமும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மிதித்தால் சில நேரம் மட்டும் வேலை செய்கிறது என்றாலும் பதற வேண்டாம். பாஸ் பெடல்களில் ஒலியை மாற்றுவது எலக்ட்ரானிக் சுற்று. ரப்பருக்கு அடியில் இருப்பது அதற்குச் சைகை கொடுக்கும் சிறு பொத்தான் மட்டுமே. சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொத்தானை, சால்டரிங் தெரிந்த ஒருவர் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்.

அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. பாஸ் பெடலை ட்ரூ பைபாஸ் (அணைத்திருக்கும்போது சிக்னல் உள்சுற்றைத் தொடாமல் நேரே போகும் முறை) ஆக்குகிறேன் என்று உடலில் துளையிட்டுப் பெரிய சுவிட்ச் பொருத்துவதை என்னால் ஏற்கவே முடியாது. அதில் உள்ள பஃபர், நீளமான கேபிள்களில் உச்சஒலி தேய்ந்துபோகாமல் காப்பாற்றும் நல்ல பகுதி. பெடல்களை அடுக்கும் பலகையில் ஒட்டுவதற்காக அடியில் உள்ள ரப்பர் தகட்டை உரித்துவிட்டு வெல்க்ரோ ஒட்டுவதும் அப்படித்தான். தயாரிப்பு வரிசை எண் உள்ள லேபிள் அதனோடு போய்விட்டால், பெடல் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லும் முக்கியமான சான்றும் போய்விடும்.

தொலைத்த பெடலைத் தேடி வாங்குபவர்கள் அந்தச் சான்றை எப்படிப் படிப்பது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். டிஎஸ்-1 1978இல் வந்தது. முதலில் ஜப்பானிலும் பின்னர் தைவானிலும் தயாரானது. சந்தையில் ஜப்பான் பெடலுக்கு விலை அதிகம். ஆனால் தொடக்கத்திலிருந்து 1994 வரை இரண்டிலும் உள்ளே இருந்தது தோஷிபாவின் டிஏ7136ஏபி என்ற ஒரே ஐசிதான். 1994இல்தான் வேறு ஐசி வந்து மின்சுற்றும் மாற்றி அமைக்கப்பட்டது. பழைய நினைவைத் தேடுபவர் பார்க்க வேண்டியது நாட்டின் பெயரை அல்ல, ஆண்டை. நான் முதலில் அதைத் தெரிந்துகொள்ளாமல், பெரும் விலை கொடுத்து ஒரு ஜப்பான் டிஎஸ்-1 வாங்கி, என் தைவான் பெடலின் அருகில் வைத்து ஒரு மாலை முழுவதும் மாற்றி மாற்றி வாசித்தேன். இரண்டுக்கும் இடையில் என் காதுக்கு எட்டிய வேறுபாடு, குமிழ்களை மயிரிழை நகர்த்தினால் வரும் வேறுபாட்டைவிடக் குறைவாகவே இருந்தது.

கடைசியாக, சுத்தம் செய்யும்போது தின்னரையோ நெயில் பாலிஷ் ரிமூவரையோ தொடாதீர்கள். பெயிண்டும் எழுத்தும் சேர்ந்தே கரைந்துவிடும். லேசாக ஈரமான துணி போதும். என் பெடலை அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான், குமிழ்களைச் சுற்றியிருந்த அழுக்குக்கு அடியிலிருந்து மூன்று சிறிய சிவப்புப் புள்ளிகள் வெளியே தெரிந்தன. கல்லூரிக் கலைவிழாவுக்கு முந்தின இரவு, அக்காவின் நெயில் பாலிஷை எடுத்து நானே வைத்த அடையாளங்கள். மேடையின் அரையிருட்டில் குமிழ்களைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்காக வைத்தவை. முழுக்கத் திருப்பியே வாசித்தேன் என்று இத்தனை ஆண்டுகளாக நான் நம்பிக்கொண்டிருக்க, டோனுக்கு நேரே புள்ளி 9 மணியில் இருந்தது, டிஸ்ட்டுக்கு 2 மணியில். குமிழ்களை அந்தப் புள்ளிகளுக்கு நேரே திருப்பி வைத்து, பெடலை மிதித்தேன்.