உங்கள் தொகுதியின் வரலாற்றை எழுத உட்காரும்போது

முதலில் எல்லையைப் பாருங்கள், பிறகு வெற்றியாளர்களைப் பாருங்கள். டெல்டாவில் இது மிக அவசியம். 2008 தொகுதி மறுசீரமைப்பில் வலங்கைமான், திருவோணம் போன்ற தொகுதிகள் மறைந்தன. பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியாக இருந்த திருவாரூர் பொதுத் தொகுதியானது. இந்த மாற்றங்கள் சட்டமன்றத்துக்கு 2011 தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தன. ஒரே பெயர் என்பதற்காக 2006 வாக்குகளை 2011 வாக்குகளோடு ஒப்பிடாதீர்கள். இரண்டும் ஒரே ஊர்களின் கணக்கல்ல.

அடுத்து, தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளை 1952 முதல் இறக்கிக்கொள்ளுங்கள். தொடக்கத் தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் இருந்தன. அங்கே இரண்டு வெற்றியாளர்களையும் குறியுங்கள். நோட்டில் இரண்டாமிடத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். தோற்றவர்களை விட்டுவிட்டால் வரலாறு பாதிதான்.

எங்கள் தஞ்சாவூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். இங்கே காங்கிரசின் பரிசுத்த நாடாரை எதிர்த்துக் கருணாநிதி வென்றார். 2016 மே மாதம் பணப் பட்டுவாடா புகாரால் இங்கே வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்பட்டு, நவம்பர் 19இல் நடந்தது. அ.தி.மு.க.வின் ரெங்கசாமி வென்றார். மறு ஆண்டே தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 சட்டமன்ற உறுப்பினர்களில் அவரும் ஒருவர். 2019 இடைத்தேர்தலில் தி.மு.க.வின் நீலமேகம் வந்தார். பொதுத்தேர்தல் பட்டியலை மட்டும் நம்பினால் 2016க்குப் பிந்தைய இந்த மாற்றம் கிடைக்காது. இடைத்தேர்தல் முடிவுகளைத் தனியாகத் தேடுங்கள்.

கடைசியாக, பெரியவர்களிடம் பேசுங்கள். ஆண்டைக் கேட்காதீர்கள், அந்த வருடம் மேட்டூர் எப்போது திறந்தது, குறுவை விளைந்ததா என்று கேளுங்கள். தேர்தல் தானாக நினைவுக்கு வரும். அவர்கள் சொன்னதை அன்றே அறிக்கையோடு ஒத்துப்பார்த்துவிடுங்கள்.